கேன்சல் அழுத்திப் பார்த்தீர்களா?

இறுதியாண்டு மாணவன் ஒருவன் கல்லூரி நூலகத்துக்காக ஒரு வலைச் செயலி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'நீக்கு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் உலாவி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். "இந்தப் புத்தகத்தை நீக்கலாமா?" என்று கேட்கும். கீழே ஓகே, கேன்சல் என்று இரண்டு பொத்தான்கள்.

அவன் தானியங்கி சோதனையும் எழுதுகிறான். சோதனை 'நீக்கு' பொத்தானை அழுத்துகிறது, ஓகே சொல்கிறது, புத்தகம் பட்டியலிலிருந்து மறைகிறது. எல்லாம் பச்சை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் நூலகர் கை தவறி வேறு வரியில் அழுத்துகிறார். பெட்டி வருகிறது. "நல்லவேளை" என்று கேன்சல் அழுத்துகிறார். ஆனாலும் புத்தகம் போய்விடுகிறது!

எப்படி? நிரலில் விடுபட்டது ஒரே ஒரு சொல். ஜாவாஸ்கிரிப்டில் கன்ஃபர்ம் என்ற செயற்கூறு, ஓகே அழுத்தினால் 'ட்ரூ' என்றும் கேன்சல் அழுத்தினால் 'ஃபால்ஸ்' என்றும் விடை தரும். படிவத்தின் பொத்தானில் ஆன்கிளிக் எழுதும்போது கன்ஃபர்முக்கு முன்னால் 'ரிட்டர்ன்' என்று போட்டால்தான் அந்த விடை உலாவிக்குப் போய்ச் சேரும். போடாவிட்டால் பெட்டி வரும், கேள்வியும் கேட்கும், ஆனால் பதிலை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எதை அழுத்தினாலும் படிவம் சர்வருக்குப் போய்விடும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு இது. ஓகே மட்டும் அழுத்துகிற சோதனை இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது.

சோதனைக் கருவிகளுக்கு இந்தப் பெட்டி ஆரம்பத்திலிருந்தே தலைவலிதான். காரணம், அது வலைப்பக்கத்தின் பகுதியே அல்ல. உலாவி தானாக வரைவது. பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் தேடினால் கிடைக்காது. போதாக்குறைக்கு, பதில் வரும்வரை பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும்.

2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தைத் தொடங்கினார். பழைய செலினியம் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். அதனால் அது ஒரு தந்திரம் செய்தது. உண்மையான கன்ஃபர்மை எடுத்துவிட்டுத் தன்னுடைய கன்ஃபர்மை அந்த இடத்தில் வைத்தது. பெட்டி திரையில் வரவே வராது. விடை? சொல்லாவிட்டால் 'ட்ரூ'. கேன்சல் வேண்டுமென்றால் அடுத்த பெட்டிக்கு மட்டும் கேன்சல் என்று முன்கூட்டியே ஒரு கட்டளை தர வேண்டும். என்ன கேள்வி வந்தது என்பதை எடுத்துப் படிக்காவிட்டால் அடுத்த கட்டளை தோற்றுப்போகும்.

2011-இல் வந்த செலினியம் 2, வெப்டிரைவரைச் சேர்த்துக்கொண்டு உண்மையான பெட்டியோடு பேசத் தொடங்கியது. பெட்டிக்கு மாறு, வாசகத்தைப் படி, ஏற்றுக்கொள் அல்லது மறு என்று கட்டளைகள் வந்தன. 2018-இல் டபிள்யூ3சி பரிந்துரையான வெப்டிரைவர் தரம், எதிர்பாராத பெட்டி வந்தால் என்ன செய்வது என்பதையும் வகுத்தது. வேறு அமைப்பு எதுவும் தராவிட்டால், பெட்டியை மறுத்து மூடிவிட்டுப் பிழையையும் தெரிவிக்கும்.

அடுத்து வந்த கருவிகளில் ஒரு வேடிக்கை. சைப்ரஸ் தானாகவே ஓகே சொல்லும். பிளேரைட் தானாகவே கேன்சல் சொல்லும். ஒரே செயலிக்கு இரண்டிலும் ஒரே மாதிரி சோதனை எழுதினால், ஒன்றில் புத்தகம் நீங்கும், மற்றதில் நீங்காது. செயலியில் குறையா, கருவியின் வழக்கமா என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். எனவே கருவி எதுவாக இருந்தாலும் பதிலை அதனிடம் விட்டுவிடாமல் சோதனையிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

அப்படி எழுதும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பெட்டியின் வாசகம். எந்தப் புத்தகம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறதா, அது அழுத்திய வரியின் புத்தகம்தானா? இரண்டாவது, ஓகே சொன்னால் அந்தப் புத்தகம் மட்டும் போகிறதா? மூன்றாவது, கேன்சல் சொன்னபிறகு பக்கத்தைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாலும் புத்தகம் இருக்கிறதா? திரையில் இருந்தால் மட்டும் போதாது, தரவுத்தளத்திலும் இருக்க வேண்டும். இன்னொன்று: செலினியத்தில் பெட்டி வருவதற்காக ஐந்து நொடி தூங்கு என்று எழுதுவதைவிட, பெட்டி வரும்வரை காத்திரு என்று எழுதுவதே மேல். மெதுவான கணினியில் ஐந்து நொடி போதாது. வேகமான கணினியில் அது வீண்.

அந்தப் பெட்டியை வைத்ததே மனிதர்கள் கை தவறுவார்கள் என்பதால்தான். ஓகே அழுத்த வந்தவருக்கு அது ஒரு கூடுதல் சொடுக்கு, அவ்வளவுதான். தவறிப்போய் வந்தவருக்கோ அதுதான் கடைசி வாய்ப்பு. அவர் பக்கம் நின்று ஒரு சோதனையாவது எழுதியிருந்தால், நூலகரின் புத்தகம் பட்டியலிலேயே இருந்திருக்கும்.