மஞ்சளும் மோட்டார் ஸோப்பும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலுக்கு ஜனங்களும் வருவார்கள், காற்றும் வரும். கோமதி அம்மனின் தபசுக் காட்சியைக் காண வந்த ஜனங்கள் பன்னிரண்டு நாள் திருவிழா முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். காற்றோ, தான் சுமந்து வந்த புழுதியை இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. சங்கரநாராயணர் கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் புற்றுமண்ணை உடம்பில் பூசினால் தோல் நோய் தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மோட்டார் வண்டியின் தோலுக்கு மட்டும் எந்த மண்ணும் ஆகாது. உலர்ந்த புழுதியின் மேல் துணியைப் போட்டுத் தேய்ப்பதும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நமது ஊரின் பழைய தெருக்களில் வண்டிக்கென்று கொட்டகை கட்டிய வீடுகள் சொற்பம். வேப்ப மரத்தடியிலோ, அடுத்த வீட்டுச் சுவரோரத்திலோ வண்டி நிற்கிறது. மரத்தில் காக்கை இருக்கிறது. காக்கையிடம் நாம் வாடகை கேட்க முடியாது, அது மட்டும் நமக்குத் தினந்தோறும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறது. அந்த எச்சம் வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் வர்ணத்தில் வடு விழும். ஆகவேதான் வண்டிக்கு மெழுகு பூசுகிறோம். அழகுக்காகப் பூசுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். நமக்கு அது குடையைப் போன்ற பொருள்.

அந்தக் குடை எவ்வளவு மெல்லியது என்று சொன்னால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். வண்டியின் தகட்டின் மேல் உள்ள பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே 100 மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும். அவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சு 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் கனம்கூடப் பெரும்பாலும் இதைவிட அதிகம். அதற்கும் மேலே நாம் பூசும் மெழுகோ ஒரு மைக்ரான்கூடத் தேறாது. கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாத இந்தப் படலத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் இவ்வளவு பேச்சும்.

மெழுகில் பேர்போனது கார்னூபா. வடகிழக்குப் பிரேஸிலில் விளையும் ஒரு பனையின் ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கிறார்கள். நமது பனையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். தேன்மெழுகு 62 டிகிரி சுமாரில் உருகுகிறது. கார்னூபா 80 டிகிரி தாண்டியும் தாங்குகிறது. குழந்தைகள் தின்னும் மிட்டாயின் மினுமினுப்புக்கும் இதையே பூசுகிறார்கள். ஸீலண்ட் என்று விற்கப்படுவது மெழுகன்று; ரசாயன சாலையில் பிறந்த பாலிமர். மெழுகு நமது வெயிலில் சில வாரங்கள் நிற்கும். ஸீலண்ட் சில மாதங்கள் நிற்கும். இரண்டையும் காலத்துக்கு முன்பே அனுப்பி வைக்கும் வல்லமை ஒரு வாளி ஸோப்புத் தண்ணீருக்கு உண்டு.

‘ஸோப்பில் என்ன ஐயா ஸோப்பு? நுரை வந்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கொழுப்பையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துக் காய்ச்சினால் வருவதுதான் உண்மையான ஸோப்பு. நமது தேசத்தில் அதற்குப் பெருமையான சரித்திரம் இருக்கிறது. மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஸர் எம். விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1916-இல் பெங்களூரில் தொடங்கிய சர்க்கார் ஸோப்புத் தொழிற்சாலை இன்றும் சந்தன மணத்தோடு நடந்து வருகிறது. ஆனால் எவ்வளவு நல்ல ஸோப்பானாலும் அது காரமானது. காரமானியில் ஒன்பது, பத்து என்று காட்டும். சுத்த ஜலம் ஏழு. சுண்ணாம்பும் மக்னீஷியமும் கலந்த கிணற்று நீரில் ஸோப்பு நுரைப்பதும் இல்லை. திரிந்துபோய் வெள்ளை அழுக்காகப் படிகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் உலக யுத்த காலத்தில் ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது அந்நாட்டு ரசாயனிகள் கொழுப்பில்லாத மாற்று ஒன்றைத் தேடினார்கள். அந்த வம்சத்தில் வந்ததே டிடர்ஜெண்ட். 1959-இல் ஸர்ப் தூள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. 1969-இல் ஆமதாபாத்தில் கர்ஸன்பாய் படேல் தமது வீட்டுக் கொல்லையிலேயே தூள் தயாரித்து, சைக்கிளில் வைத்து விற்று, ‘நிர்மா’ என்ற பெயரை நாடெங்கும் பரப்பினார். ஒரு தனி மனிதர் அயல்நாட்டுப் பெரிய கம்பெனியைத் திகைக்க வைத்த கதை அது. நமக்கு அதில் நிரம்பப் பெருமை உண்டு. ஆயினும் துணி துவைக்கும் தூளில் சலவைச் சோடா கலந்திருக்கிறது. அதைக் கரைத்த நீர் காரமானியில் பத்துக்கு மேல் போகும். வேஷ்டியில் உள்ள எண்ணெயை நீக்க வேண்டிய காரம், வண்டியில் உள்ள மெழுகைக் கண்டால் மரியாதை செய்து விலகிப் போகுமா?

நமது வண்டிக்கே இது நேர்ந்தது. ஊரில் உள்ள ஒரு கழுவுமிடத்தில் வண்டியை விட்டோம். பஞ்சு மெத்தை போல் நுரை மூடிற்று. பளபளவென்று வெளியே வந்தது. ஆனால் பதினைந்து நாளுக்கு முன் பூசிய மெழுகு அதோடு போயிற்று; அடுத்த தூறலில் நீர் திரண்டு உருளாமல் ஈரத்துணி போல் அப்பிக்கொண்டது. அங்கே வேலை செய்யும் இளைஞரிடம் விசாரித்தோம். பாவம், அவர் கை விரல்களின் இடுக்கில் தோல் வெடித்திருந்தது.

“தம்பி, என்ன ஸோப்பு போடுகிறீர்கள்?” என்றோம்.

“கேன்ல வரும், அண்ணாச்சி. பேரு தெரியாது. நொரை கொறைஞ்சா துட்டு குடுக்க மாட்டேங்காவ. அதுக்காவத் தூளும் ரெண்டு கை சேத்துக்கிடுதோம்.”

மெழுகு போனதைப் பற்றிப் பேசப் போனவர்கள் அவருடைய கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டோம். எந்தக் காரம் வண்டியின் மெழுகைக் கரைக்கிறதோ அதே காரம் தோலின் எண்ணெயையும் கரைக்கிறது. வண்டிக்கு வாரம் ஒரு தடவை. அவருக்கு நாள் முழுவதும்.

நிற்க. நல்ல ஸோப்பைக் கண்டுபிடிப்பது எப்படி? பாட்டிலின் மேல் ‘காரமும் அமிலமும் அற்றது’ என்று அச்சிட்டிருந்தால் நம்பலாமா? நம்புவதற்கு முன் சமையலறைக்குள் போய் வரலாம் என்பது நமது அபிப்பிராயம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு இட்டதும் அது குங்குமச் சிவப்பாக மாறுகிறதல்லவா? வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் கறையின் மேல் ஸோப்புப் போட்டதும் சிவக்கிறதல்லவா? காரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி நமது பெண்மணிகளின் கையில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மேல்நாட்டுப் பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளுக்கு இது சற்றும் இளைத்ததன்று. காரமானியில் ஏழரைக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது; எட்டரையைத் தாண்டினால் சிவந்துவிடுகிறது.

விரலி மஞ்சளை உரைத்து, வெள்ளைத் தாளில் தடவி, நிழலில் காய வைத்து, துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டோம். ஸோப்பை வண்டிக்குக் கரைக்கும் அளவிலேயே கரைக்க வேண்டும். பாட்டிலில் உள்ள நீலச் சாயமும் ரோஜாச் சாயமும் கண்ணை ஏமாற்றாமல் இருக்க அதுவே வழி. கரைப்பதற்குக் குடிதண்ணீர் நல்லது. ஏனெனில் சில கிணற்று நீருக்குத் தானாகவே கொஞ்சம் காரம் உண்டு. முதலில் வெறும் நீரில் ஒரு துண்டை நனைத்துப் பார்த்துவிட்டால் குற்றம் நீருடையதா ஸோப்புடையதா என்று தெரிந்துவிடும். நமது வீட்டில் துணித் தூள் இரத்தச் சிவப்பாயிற்று. குளிக்கும் ஸோப்பும் சிவந்தது. வண்டிக்கென்றே விற்கும் ஷாம்பூ இரண்டு வாங்கினோம். ஒன்று அசையாமல் மஞ்சளாகவே நின்றது. மற்றொன்று, விலை அதிகமானது, லேசாகச் செம்மை காட்டிற்று. விலைக்கும் குணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மஞ்சள் அறியாது போலும்.

மஞ்சள் சிவக்காததாலேயே எல்லாம் நல்லது என்று துணிந்துவிடவும் கூடாது. பாத்திரம் தேய்க்கும் திரவம் பெரும்பாலும் சிவக்காது. ஆனால் அது வடைச் சட்டியின் எண்ணெயைப் பிரிப்பதற்கென்றே படைக்கப்பட்டது. ஒரு நாள் கழுவினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வாராவாரம் கழுவினால் மெழுகு மெல்ல மெல்ல விடைபெறும். பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிது பூச நினைப்பவர்கள் சிலர் இதையே வேண்டுமென்று உபயோகிக்கிறார்கள்; அது வேறு விஷயம். ‘கழுவும்போதே மெழுகும் ஏறும்’ என்று விளம்பரம் செய்யும் வகையும் உண்டு. அதுவே ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்வதால், கீழே நாம் பூசியது இருக்கிறதா இல்லையா என்று கண்டுகொள்ள முடியாமல் போகிறது.

‘பூந்திக்கொட்டை போடுங்களேன்’ என்றார் நமது இல்லத்தரசி. பட்டுப் புடவையையும் தங்க நகையையும் கெடுக்காத வஸ்து வண்டியைக் கெடுக்குமா என்பது அவர் கட்சி. கட்சி பலமானதுதான். பூந்திக்கொட்டையில் உள்ள ஸபோனின் என்ற சத்து காரமன்று. சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தது. உப்பு நீரிலும் ஸோப்பைப் போல் திரிவதில்லை. மஞ்சள் தாள் அதற்குக் கொஞ்சமும் முகம் சிவக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கொட்டையைக் கொதிக்க வைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டி வண்டியைக் கழுவினோம். மெழுகு அப்படியே இருந்தது. குறை இரண்டு. தூளாய்ப் போன ஓடு ஒரு துணுக்கு மிஞ்சினாலும் வர்ணத்தில் கோடு விழும். காய்ச்சிய நீர் இரண்டு மூன்று நாளில் புளித்துப்போகும். பொறுமை உள்ளவர்களுக்கு இது உகந்தது. பொறுமை இல்லாதவர்கள் மஞ்சளாக நிற்கும் பாட்டிலை வாங்கிக்கொள்ளலாம். சீயக்காய்த் தூளை மட்டும் வண்டியின் அருகே கொண்டு போக வேண்டாம். அது கரையாத தூள்.

ஸோப்பை விடத் தண்ணீர்தான் நமது பக்கத்தில் பெரிய வில்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெழுகு நன்றாக இருந்தால் நீர் முத்து முத்தாகத் திரளும். பார்க்க வெகு நேர்த்தி. ஆனால் உப்பு நீர் முத்துகள் வெயிலில் அப்படியே காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு சுண்ணாம்பு வளையத்தை விட்டுப்போகும். அதை எடுக்கத் தேய்த்தால் மெழுகும் கூடவே போகும். ஆகவே சூரியன் ஏறுமுன் கழுவி, உடனே மெல்லிய மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வளையம் விழாமலிருக்கக் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் குடிதண்ணீர் செலவிடுகிறோம். நமது ஊரில் ஒரு குடம் குடிதண்ணீரின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். அதனால் வாரம் ஒரு முறை என்றிருந்ததைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொண்டோம். காக்கையின் எச்சத்தை மட்டும் அன்றன்றே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிடுகிறோம்.

கழுவுமிடத்து இளைஞர் போன வாரம் வீட்டுப் பக்கம் வந்தார். மஞ்சள் தாளைக் காட்டினோம். சிரித்துக்கொண்டே நாலு துண்டு வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துத் தெருவில் கண்டபோது, “மூணு செவந்துட்டு, அண்ணாச்சி. நாலாவது கேனை மொதலாளிகிட்டக் கேட்டிருக்கேன்” என்றார்.