மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு படம்

மதுரையிலிருந்து தேனி போகும் பேருந்து உசிலம்பட்டியைத் தாண்டி, கணவாயில் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. பக்கத்திலேயே வைகை அணை. 1959-ல் கட்டி முடித்த அணை. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று கீழே போய்விடும். ஆண்டிபட்டித் தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான் இருக்கின்றன. அணையை அருகில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற ஊர்.

அதனால் இங்கே பயிர் என்றால் தண்ணீருக்குத் தக்கபடிதான். முருங்கை, பருத்தி, அப்புறம் மல்லிகை. மல்லிகை இருபது சென்ட், அரை ஏக்கர் என்று துண்டு துண்டாக இருக்கும். விடியும் முன்பே பறிப்பு தொடங்கிவிடும். தினமும் செடியருகே நிற்கிற பயிர் இது. ஆனாலும் நிற்பது வேறு, பார்ப்பது வேறு.

"மொட்டு சிவந்து போகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" மல்லிகைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. மொட்டில் துளை இருந்து, பக்கத்து மொட்டுகளை நூலாம்படை சேர்த்துப் பின்னியிருந்தால் அது மொட்டுப்புழு. துளையே இல்லாமல் அடிப்பகுதி வீங்கி, மொட்டு ஊதா நிறமாகி வளராமல் காய்ந்தால் அது மொட்டு ஈ. இந்த ஈயின் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே செடியடி மண்ணைக் கிளறாமல் மேலே மட்டும் மருந்து அடித்தால் பாதிக் காசு வீண். செல்போனில் எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. கையால் வரைய உட்கார்ந்தால் தெரிந்தே ஆகவேண்டும். துளை போடுவதா, வீக்கம் போடுவதா என்று பென்சிலே கேட்கும்.

வரையும் முறை புதிதல்ல. 1989-ல் இந்தோனேசியாவில், நெல்லில் புகையான் தொல்லைக்குப் பிறகு, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒரு நாள் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு, குழுவாக உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைவார்கள். நடுவில் செடி. ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை. மேலே வெயிலா மேகமா என்பது. என்ன செய்வது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நம் நாட்டிலும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பயிற்சிகளில் இது உண்டு. பயிற்சி முடிந்ததும் தாளைச் சுருட்டி வைத்துவிடுவதுதான் குறை.

வீட்டில் தொடர, கோடு போடாத ஒரு நோட்டு போதும். வாரத்தில் ஒரு கிழமை, அதே வரிசை, அதே ஐந்து செடிகள். பருத்தியானால் வயலின் குறுக்கே நடந்து ஏக்கருக்கு இருபது செடிகளில் எண்ணவேண்டும். அசுவினி, தத்துப்பூச்சி ஒரு பக்கம். பொறிவண்டு, சிலந்தி, கண்ணாடி இறக்கைப் பூச்சி மறுபக்கம். இரண்டு கெட்ட பூச்சிக்கு ஒரு நல்ல பூச்சி இருந்தால் பொதுவாக அவசரப்பட்டுத் தெளிக்க வேண்டாம். செடியின் வயதும் வானிலையும் பார்க்கவேண்டியதுதான், இது கண்ணை மூடிக்கொண்டு போடும் கணக்கல்ல. ஆனால் எண்ணாமல் தெளித்தால் முதலில் சாவது பெரும்பாலும் பொறிவண்டுதான்; அசுவினி சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.

"எனக்குப் படம் வராது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தினமும் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் கைக்கு ஒரு மொட்டு வரைவது பெரிய காரியமா? பூப் பறிப்பதும் அந்தக் கைகள்தான். நோட்டை அவர்களிடம் கொடுப்பது நல்லது. அழகு தேவையில்லை; எண்ணிக்கையும் தேதியும் இருந்தால் போதும். பெயர் தெரியாத பூச்சி என்றால் கண்ணாடிப் பாட்டிலில் இலையோடு போட்டு, வாயைத் துணியால் கட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். எது எதைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த முறை கேள்வி அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கடைசியாக எப்போது, என்ன தெளித்தீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.