வானொலி தந்த நகரம், கோபுரம் விற்ற நகரம்

ராணுவ ஆட்சியின் கீழ் சனநாயகத்துக்காகப் போராடும் மக்களுக்கு வெளியுலகம் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது தலையிடுவதா வேண்டாமா என்னும் வாதத்துக்குள் அடைபட்டுவிடுகிறது. தலையிட்டால் இறையாண்மை மீறப்படும், தலையிடாவிட்டால் மனச்சாட்சி உறுத்தும் என்று அறிஞர்கள் தராசுத் தட்டுகளை மாறி மாறி ஏற்றி இறக்குகிறார்கள். 2021 பெப்ரவரி 1 அன்று மியன்மாரில் ஜெனரல் மின் ஆங் லைங் ஆட்சியைக் கைப்பற்றியது முதல் நடந்தவற்றை ஒஸ்லோ நகரிலிருந்து கவனிப்பவருக்கு, கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது என்பது புலப்படும். ராணுவத்திடம் எரிவாயு வாங்குபவர், அதன் விமானங்களுக்கு எரிபொருள் விற்பவர், அதன் பணத்தைத் தம் வங்கியில் வைத்திருப்பவர், அந்த நாட்டில் தொலைபேசிக் கோபுரம் நட்டவர் ஆகிய அனைவரும் முன்பே தலையிட்டவர்கள்தாம். அந்தத் தலையீடு யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

சட்டம் இதில் தரும் துணை சிறிது. 2005-ஆம் ஆண்டின் ஐ.நா. உச்சிமாநாடு ஏற்றுக்கொண்ட ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்னும் கோட்பாடு, ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அப்பொறுப்பு உலக சமூகத்திடம் வந்து சேரும் என்கிறது. ஆயினும் அது இனப்படுகொலை, போர்க்குற்றம், இனத்துடைப்பு, மானிடத்துக்கு எதிரான குற்றம் என்னும் நான்கு கொடுமைகளுக்கு மட்டுமே பொருந்தும். தேர்தலில் வென்றவர்களைச் சிறையிலடைப்பது இந்த நான்கில் இல்லை. படைபலத்தோடு தலையிடப் பாதுகாப்பு அவையின் ஒப்புதல் தேவை. சீனமும் ரஷ்யாவும் தடுப்பதிகாரத்தோடு அமர்ந்திருக்கும் அவையில் அது கிட்டாது என்பதை யாங்கூன் தெருக்களில் அக்கோட்பாட்டின் பெயரை எழுதிப் பிடித்து நின்ற இளைஞர்களுக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. 2021 ஜூனில் ஆயுத வரத்தைத் தடுக்குமாறு பொதுச்சபை 119 வாக்குகளால் கேட்டுக்கொண்டது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு பெலாரஸ். வாக்களிக்காமல் ஒதுங்கிய 36 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கேட்டுக்கொள்வதற்கு மேல் பொதுச்சபையால் எதுவும் செய்ய இயலாது.

ஆகவே வேறோர் இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. 1990-இல் நடந்த தேர்தலில் ஆங் சான் சூ கீயின் தேசிய சனநாயக முன்னணி 485 இடங்களில் 392-ஐ வென்றும் ராணுவம் ஆட்சியைக் கையளிக்காதபோது, ஒஸ்லோ மறு ஆண்டு அவருக்கு அமைதிக்கான நோபெல் பரிசை வழங்கியது. பரிசைப் பற்றி எல்லாரும் அறிவர்; அதைவிடப் பயன் தந்தது 1992-இல் இதே நகரத்தில் தொடங்கிய ‘பர்மாவின் சனநாயகக் குரல்’ என்னும் சிற்றலை வானொலி. சிற்றலை என்பது வானின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்யக்கூடிய வானொலி அலை. அதை வழிமறிக்கக் கம்பியும் இல்லை, அறுத்துவிடக் கேபிளும் இல்லை. நோர்வே அரசின் நிதியுதவி பெற்று நாடு கடந்த சில இளைஞர்கள் நடத்திய இந்த ஒலிபரப்பு, தணிக்கை செய்யப்பட்ட நாளிதழ் மட்டுமே வந்து சேர்ந்த ஊர்களுக்குத் தம் நாட்டில் நடப்பதைத் தம் மொழியில் சொன்னது. 2007-இல் காவியுடைத் துறவிகள் வீதிக்கு வந்தபோது, பைக்குள் மறைத்த சிறு கேமராக்களால் எடுத்த காட்சிகளை உலகத் தொலைக்காட்சிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதன் செய்தியாளர்களே. போராடும் மக்களுக்கு வெளியார் கொடுக்கத் தக்கது வழிகாட்டல் அன்று, வழி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதே நகரத்தின் மறுமுகம் அதை ஒட்டிய ஃபோர்னெபுவில் தலைமையகம் கொண்ட டெலிநோர் என்னும் தொலைபேசி நிறுவனம். அதன் பெரும்பான்மைப் பங்கு நோர்வே அரசுக்குரியது. பழைய ராணுவ ஆட்சியில் ஆயிரம் டாலருக்கு மேலும் விலைபோன சிம் அட்டையை 2014 முதல் 1,500 சாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டாலருக்கு, விற்ற நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. ஏழு ஆண்டுகளில் 1.8 கோடி வாடிக்கையாளர்கள் சேர்ந்தனர். நோர்வேக்காரன் ஒட்டுக்கேட்க மாட்டான் என்ற நம்பிக்கையும் அவர்களுட் பலரை இழுத்தது. ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தவுடன் மருத்துவர்கள் சிவப்பு நாடா அணிந்து பணியைத் துறக்க, ஆசிரியர்களும் ரயில்வே ஊழியரும் அவர்களைப் பின்தொடர்ந்து ஒத்துழையாமை இயக்கமாகத் திரண்டனர். இரவு எட்டு மணி அடித்ததும் தீய ஆவிகளை விரட்டும் பழைய வழக்கப்படி வாசல்தோறும் சட்டி பானைகள் முழங்கின. எந்தத் தெருவில் எப்போது கூடுவது என்ற செய்தியெல்லாம் போனது அந்த மலிவான சிம் அட்டைகளின் வழியேதான்.

2021 ஜூலையில் டெலிநோர் தன் மியன்மார்த் தொழில் முழுவதையும் லெபனானின் எம்1 குழுமத்துக்கு 10.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. ஒட்டுக்கேட்புக் கருவிகளை இயக்குமாறு ராணுவம் வற்புறுத்துகிறது, இயக்கினால் ஐரோப்பியத் தடைச்சட்டம் மீறப்படும், மறுத்தால் அங்குள்ள ஊழியருக்கு ஆபத்து என்று அது காரணம் சொன்னது. காரணம் பொய்யன்று. ஆனால் கோபுரத்தோடு சேர்ந்து கைமாறியது அழைப்புப் பதிவேடு. யார் யாரை எந்த நேரத்தில் அழைத்தார், எந்தக் கோபுரத்தின் வட்டத்துக்குள் நின்று பேசினார் என்பதைக் குறிக்கும் அந்தப் பதிவில் பேச்சு இருக்காது. ஆயினும் தலைமறைவான ஒருவர் தங்கும் வீட்டையும், அவருக்குச் சோறு கொண்டுபோகிறவரையும் கண்டுபிடிக்க அதுவே போதும். 2022 மார்ச்சில் விற்பனை முடிந்தபோது பெரும்பங்கு உள்ளூரின் ஷ்வே பியாயின் ப்யூ குழுமத்திடம் போனது; அக்குழுமத்துக்கு ராணுவத்தோடு தொடர்புண்டு என்பதை எதிர்ப்பாளர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். 474 மியன்மார் குடிமை அமைப்புகள் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை விசாரிக்க நோர்வே அமைத்துள்ள அலுவலகத்தில் முறையிட்டன. ஊழியரைக் காப்பதும் வாடிக்கையாளரைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதியது உண்மைதான். எனினும் இந்த நெருக்கடியை, நோபெல் பரிசு வழங்கும் ஒரு நாட்டின் அரசு, பெரும்பங்குதாரராக இருந்துகொண்டே, வணிக முடிவு என்று சொல்லிக் கடந்துபோனது ஏற்கத்தக்கதன்று. 2002-க்குப் பின் இலங்கைப் போர்நிறுத்தத்தில் நோர்வே ஏற்ற பங்கை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகருக்கு இந்தக் கைகழுவல் புதிதாகத் தோன்றாமலும் போகலாம்.

சூ கீ பற்றியும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2017-இல் ஏழு லட்சம் ரோகிஞ்சாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டதன் பின், 2019 டிசம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்கில் நின்று ராணுவத்தின் தரப்பை வாதிட்டவர் அவரே. அந்த வழக்கைத் தொடுத்தது வல்லரசு எதுவுமன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு காம்பியா. ஆதரிக்கப்பட வேண்டியது தனியொருவரது திருவுருவம் அன்று என்பதை ஒஸ்லோ தாமதமாகத்தான் கற்றது.

பணத்தின் தடம் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட ஆய்வு, ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் ராணுவம் இறக்குமதி செய்த நூறு கோடி டாலர் ஆயுதப் பொருள்களில் 25.4 கோடி சிங்கப்பூர் நிறுவனங்களின் வழியே வந்ததாகக் காட்டியது. சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. 2022 நிதியாண்டில் 11 கோடியாக இருந்த அந்த வரத்து மறு ஆண்டில் ஒரு கோடியளவுக்கு இறங்கிற்று. தாய்லாந்து வங்கிகளின் வழி சென்றது ஏறத்தாழ இரட்டிப்பானது என்பதும் மெய்யே. ஒரு மடை அடைபட்டால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடும். அதே ஆய்வில் இந்தியாவின் கணக்கு 5.1 கோடி டாலர். நோர்வேயின் ஓய்வூதிய நிதியம் 2022-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குக் காரணம் மியன்மாருக்குப் போன இந்த ஆயுத விற்பனைதான். ஷ்வே எரிவாயு வயலில் இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பங்கிருப்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியா எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1988 எழுச்சியின்போது அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு போராட்டக்காரர்களின் பக்கம் நின்றது. சில ஆண்டுகளிலேயே வடகிழக்கு எல்லையும் சீனத்தின் செல்வாக்கும் கணக்கில் ஏறியதால் தில்லி ஜெனரல்களோடு கைகுலுக்கியது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகள் அரசுடைமையாகி, உடுத்த துணியோடு கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் சென்னை பர்மா பஜாரிலும் மணிப்பூரின் மோரேயிலும் இன்றும் இருக்கிறார்கள். அன்று பேசப்பட்டது இழப்பீடும் கப்பலும், பர்மியரின் வாக்குரிமை அன்று. 2021 மார்ச்சில் எல்லை தாண்டி வருவோரைத் தடுக்குமாறு உள்துறை அமைச்சகம் எழுதியபோது, மிசோரம் அதற்கு இணங்கவில்லை. மொழியாலும் உறவாலும் தமக்கு நெருங்கிய சின் மக்களுக்கு அம்மாநிலத்தின் தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் அரிசியும் மூங்கிலும் திரட்டிக் குடில் போட்டுக் கொடுத்தன. அங்கு அடைக்கலம் பெற்றோர் முப்பதாயிரத்தைத் தாண்டினர்.

அரசுகளால் செலவின்றிச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஐ.நா.வில் மியன்மாரின் தூதரான க்யாவ் மோ துன் 2021 பெப்ரவரி 26 அன்று பொதுச்சபையில் மூன்று விரல்களை உயர்த்தி ராணுவத்தை எதிர்த்தார். அவரைப் பணிநீக்கம் செய்துவிட்டதாக ராணுவம் மறுநாளே அறிவித்தது. நாடுகளின் பிரதிநிதிகளை ஏற்பதா இல்லையா என ஆராயும் நற்சான்றுக் குழு, இவ்விரு தரப்பில் எதை ஏற்பது என்ற முடிவை ஆண்டுதோறும் ஒத்திவைத்து வந்திருக்கிறது. அந்த ஒத்திவைப்பின் பயனாக, மியன்மார் என்று பெயர் பொறித்த பலகைக்குப் பின்னால் அவரே அமர்ந்து வந்திருக்கிறார்.