ஆலைக்குள் ஓர் ஆசிரியர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் குடியிருந்தவர்களுக்குக் கடிகாரமே வேண்டியதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆலைச் சங்கு ஊதினால் ஆட்கள் உள்ளே போவார்கள். மறுபடி ஊதினால் வெளியே வருவார்கள். நடுவில் உள்ளே நடப்பது என்ன? இரும்பு உருகுவதும் இயந்திரம் ஓடுவதும் நமக்குத் தெரியும். மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நடப்பதை அறிய விரும்பியவர்கள் மிகச் சிலரே. அச்சிலரில் ஒருவரைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மேனாட்டில் இத்துறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஹார்வர்டு வியாபாரக் கல்லூரிப் பேராசிரியர் எல்டன் மேயோ. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரையில் நடந்த சோதனைகளால் அவர் பிரசித்தி அடைந்தார். அங்கே விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் வேலை பெருகிற்று; குறைத்தாலும் பெருகிற்றாம்! தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற எண்ணமே காரணம் என்றார்கள். அந்த முடிவைப் பிற்காலத்து அறிஞர் பலர் சந்தேகித்ததும் உண்டு.

நம் தேசத்தில் இவ்வேலையைச் செய்தவர் என். ஆர். ஷேத். பரோடாவில் சமூகவியல் பயின்ற அவர், குஜராத்தில் ஓர் ஆலைக்குள் புகுந்து, தொழிலாளரோடு பழகி, அவர்கள் வாழ்வை ஆராய்ந்தார். அதன் பயனாக 1968-இல் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. பின்னர் 1984 முதல் 1991 வரையில் ஆமதாபாத் மானேஜ்மெண்டு ஸ்தாபனத்தின் டைரக்டராகவும் விளங்கினார். முதலாளிகளின் பிள்ளைகளும் வருங்கால மானேஜர்களும் படிக்கும் கல்லூரிக்குத் தலைவராக, ஆலைத் தொழிலாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர் அமர்ந்தது சாமான்ய விஷயமா?

இயந்திரம் வந்தால் சாதியும் உறவும் தாமே கரைந்து போகும் என்று மேனாட்டார் பலர் எழுதியிருந்தார்கள். ஷேத் கண்டது வேறு. உறவினர் சிபாரிசினால் வேலை கிடைத்தது. ஆயினும் இயந்திரம் நிற்கவில்லை. பழைய சமூகமும் புதிய ஆலையும் ஒன்றோடொன்று ஒத்துப் போகக்கூடும் என்பது அவர் முடிவு.

இதைப் படித்தபோது நமக்குப் பெரம்பூர் ஞாபகம் வந்தது. பி. பி. வாடியா 1918-இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது தொழிலாளரின் முறையீடுகளில் ஒன்று. அன்று எல்லாரும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். ஆனால் 1921 வேலை நிறுத்தத்தில், ஒரே ஆலையில் நூல் நூற்றவர்கள் சாதி வாரியாகப் பிரிந்தார்கள். ஆதி திராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன.

அப்படியானால் ஷேத் சொன்னது தவறா? தவறு என்று நமக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்தது வேலை நடக்கும் நாள். பெரம்பூர் காட்டியது வேலை நின்ற நாள். ஒரு ஸ்தாபனத்தின் பண்பாட்டை அறிய இரண்டு நாளையும் பார்க்க வேண்டும்.

நம் உறவினர் ஒருவர் திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றார். ஒரே போல்ட்டை முறுக்கும் இருவரில் ஒருவர் நிரந்தர ஊழியர், மற்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்பார். இருவருக்கும் சட்டை நிறம் வேறு, சம்பளம் வேறு, காண்டீனில் உட்காரும் இடமும் வேறாம். "கூடத்து ஆட்கள் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டால், ஒப்பந்த ஆளைச் சேர்க்காமலே எண்ணிக்கை சொல்லிப் பழகிவிட்டோம்" என்று அவர் ஒரு நாள் சொன்னார். பழைய பிரிவினை ஒன்று புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டதோ என்று நமக்குக் கவலையாயிருந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் எம்.பி.ஏ. படிக்கப் போகிறார்கள், சந்தோஷமே. அவர்கள் லாப நஷ்டக் கணக்கை நன்றாகக் கற்கட்டும். அதோடு ஆலை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் அத்தனை பேரையும், ஒருவரையும் விடாமல், எண்ணக் கற்றுக்கொள்ளட்டும். ஷேத்தின் வாழ்க்கையிலிருந்து நாம் அறியும் பாடம் அதுவே.