மூன்று சென்டிமீட்டர்

ஒருவருடைய தொழில் பெயரை நான் கெடுத்தேன். அவர் சைக்கிள் ஃபிரேம் செய்பவர். ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ற மாதிரி எஃகுக் குழாயை அறுத்து, பற்றவைத்து, ஒரு நேரத்தில் ஒரு ஃபிரேம் என்று செய்து கொடுப்பவர். எனக்கு அவர் செய்த ஃபிரேமைப் பற்றி இரண்டு வருடமாக நான் சொல்லிவந்தது பொய். பல பேரிடம் சொன்ன பொய் என்பதால் பல பேர் படிக்கும் இடத்திலேயே அதைத் திரும்பப் பெறுகிறேன்.

எனக்கு 47 வயது. ஊர் தஞ்சாவூர். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் ஆசை நாற்பதுக்கு மேல்தான் வந்தது. பி.ஆர்.எம். என்று இதில் ஒரு முறை உண்டு. யாரையும் முந்த வேண்டாம், குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும்: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 600-க்கு 40 மணி. பாரிஸில் உள்ள ஒரு சைக்கிள் கழகம் வகுத்த கணக்கு இது. உலகம் முழுக்க இதையே வைத்து ஓட்டுகிறார்கள். இதில் தேறியவர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணத்தில் கலந்துகொள்ளலாம். அது 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. அடுத்தது 2027-இல். அந்த ஆசையில் பதினோரு மாதம் பணம் சேர்த்து ஃபிரேமுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

அவர் இருப்பது வேறு ஊர். முதலில் ஒரு படிவம் அனுப்பினார். உயரம், கை நீளம், தோள் அகலம், உள்கால் அளவு. உள்கால் அளவுக்கு வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடையிடுக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அளக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? முட்டியை மடக்காமல் குனிந்தால் விரல் எதுவரை எட்டும்? முதுகு, கழுத்து, மணிக்கட்டில் தொந்தரவு உண்டா?

வாரம் 80 கிலோமீட்டர் ஓட்டுபவன் 250 என்று எழுதினேன். விரல் கெண்டைக்காலோடு நின்றுவிடும். உள்ளங்கை தரையில் படும் என்று எழுதினேன். இடுப்பில் டிஸ்க் விலகி மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவன், தொந்தரவு இல்லை என்று எழுதினேன்.

அப்படியும் அவர் அனுப்பிய முதல் வரைபடம் நிதானமாகத்தான் இருந்தது. ஃபிரேமில் இரண்டு எண்கள் முக்கியம். பெடல்கள் சுற்றும் நடு அச்சிலிருந்து ஹேண்டிலைத் தாங்கும் தலைக்குழாயின் உச்சி வரை உள்ள செங்குத்து உயரத்தை ஸ்டேக் என்பார்கள். அதே இரண்டு புள்ளிக்கும் இடைப்பட்ட கிடைத்தூரம் ரீச். எனக்கு ஸ்டேக் 575 மில்லிமீட்டர், ரீச் 375 என்று போட்டிருந்தார். 32 மில்லிமீட்டர் டயரும் மட்கார்டும் போக இடம் விட்டிருந்தார். நான் 545-ம் 385-ம் கேட்டேன். டயர் 25 போதும் என்றேன். ஃபோர்க்கின் மேல்தண்டையும், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்முக்குக் கீழே அதை உயர்த்தும் வளையம் எதுவும் வராதபடி ஒட்ட அறுத்துவிடச் சொன்னேன்.

அவர் போன் செய்தார். "சார், 600 கிலோமீட்டர் ஓட்டுற வண்டின்னு சொன்னீங்க. டெல்டா ரோடு வேற. மூணு சென்டிமீட்டர் வளையம் விட்டு வைக்கிறேன். பிடிக்கலேன்னா அப்புறம் அறுத்துக்கலாம். அறுத்தா ஒட்ட முடியாது." எனக்கு அதெல்லாம் பழக்கம்தான் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். அதே பதில். வரைபடத்தின் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சைக்கிள் குழுவில் முப்பது வயசுப் பையன்களின் வண்டிகளில் ஹேண்டில் சீட்டை விட ஒரு சாண் தாழ்ந்திருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் என் அப்பா மாதிரி இருப்பேன் என்று வெட்கப்பட்டேன். அப்பாவிடம் 24 இஞ்ச் ஹெர்குலிஸ் இருந்தது. சீட்டை விட ஹேண்டில் உயரம். அதில் பார் கம்பியில் என்னை உட்காரவைத்து மாதா கோயிலுக்கு மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த வண்டி அது. பந்தய வண்டிக்காரர்கள் கொண்டாடும் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-இல் வந்தது. அந்த ரெனால்ட்ஸும் அன்று அதே இங்கிலாந்து குழுமத்தைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அப்பாவின் உட்காரும் முறையைக் கேவலமாக நினைத்தேன்.

ஃபிரேம் வந்த வருடம், ஆகஸ்ட் 29, வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் கொடியேற்ற நாள், இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி அங்கே ஓட்டினேன். போக சுமார் 90 கிலோமீட்டர். நீடாமங்கலம் தாண்டும்போது கழுத்து பிடித்துக்கொண்டது. திருவாரூரில் இடுப்பு. கீழ்வேளூரில் இடது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் விழுந்தால் மணிக்கட்டின் ஓரம் போகும் நரம்பு நசுங்கும். பொழுது விடிந்து நாகப்பட்டினம் தாண்டியபோது காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள், சப்பரம் இழுத்து வருகிறவர்கள், கொடி கட்டிய பழைய சைக்கிளில் வருகிறவர்கள் என்று சாலை நிறைந்திருந்தது. அவர்களுக்கு நடுவே ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனேன்.

கோயிலில் மெழுகுவத்தி வாங்கினேன். விரலில் நிற்கவில்லை. கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து எடுத்து, தன் மெழுகுவத்தியில் பற்றவைத்து, என் வலது கையில் கொடுத்தார்.

"கையில என்ன தம்பி?"

"வண்டிண்ணே. ஆர்டர் கொடுத்துச் செஞ்சது. செஞ்சவர் அளவைத் தப்பாப் போட்டுட்டார்."

"தெரியாம செஞ்சிருப்பாரு. கொண்டுபோய்க் காட்டுங்க, சரி பண்ணிக் குடுப்பாரு."

எரியும் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, மாதாவுக்கு முன்னால் சொன்ன பொய் அது. முதல் தடவை சொன்னது அங்கேதான். பிறகு குழுவில் சொன்னேன். புதிதாக ஃபிரேம் செய்ய நினைத்தவர்கள் விசாரித்தபோதும் சொன்னேன். மூன்று பேர் அவருக்கு ஆர்டர் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொன்னேன். பணத்தைத் திருடினால் திருப்பிக் கொடுப்பதைப் போல, கெடுத்த பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் சாமியார்.

வீட்டுக்கு வந்து, வீடு கட்டும் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினேன். வண்டியைச் சுவரோரம் நேராக நிறுத்தி, தலைக்குழாயின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, டேப்பால் அளந்தேன். ரீச் 385. ஸ்டேக் 545. நான் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைத் தரையில் விரித்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. குழாய்கள் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். பற்றவைப்பு வரிவரியாக ஒரே சீராக இருந்தது. மேல்நோக்கிய ஸ்டெம் ஒன்று மாட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தது. அறுத்த தண்டு அறுத்ததுதான்.

போன வாரம் அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா சார்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தஞ்சாவூரிலிருந்து விசாரித்தவர்கள் திடீரென்று ஏன் பேசாமல் போனார்கள் என்று அப்போது யோசித்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

என் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கிய மூன்று பேருக்கும் இதை அனுப்புகிறேன். தயவுசெய்து அவரிடம் மறுபடி பேசுங்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தை உண்மையாக நிரப்புங்கள். வளையம் விடட்டுமா என்று அவர் கேட்டால், விடச் சொல்லுங்கள்.