கொல்லை நிழலில் கலேடியம்

கலேடியம் சேம்பின் சொந்தக்காரச் செடி. மண்ணுக்குள் கிழங்கு, அதிலிருந்து நேராக எழும் காம்பு, காம்பின் நுனியில் அம்புத்தலை போல ஓர் இலை. அந்த இலையில்தான் வெள்ளையும் இளஞ்சிவப்பும் குங்குமச் சிவப்பும். பிறப்பிடம் தென் அமெரிக்கக் காடுகள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் வண்ண இலை எதுவானாலும் 'குரோட்டன்ஸ்' என்று சொல்லிவிடுவார்கள். பெயர் மாறினால் பராமரிப்பும் மாறிப்போகிறது. குரோட்டன்ஸ் வெயிலில் நிறம் கூடும் புதர். ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும். கலேடியத்துக்கு நிழல் வேண்டும். ஆண்டில் மூன்று நான்கு மாதம் இலையே இல்லாமல் உறங்கவும் வேண்டும்.

நிழல் என்றால் இருட்டு இல்லை. இருட்டில் காம்பு நீண்டு சாயும், நிறம் மங்கும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டு, பிறகு தென்னங்கீற்று வழியே சல்லடை போல் ஒளி விழும் இடம் உத்தமம். வெள்ளை இலை ரகங்களில் பச்சையம் குறைவு, இலையும் மெல்லியது. ஒரே உச்சிப்பொழுதில் காகிதம் போலக் கருகிவிடும். வீட்டின் வடபக்கம் நிழலானது என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே நம்பக் கூடாது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி வரை காவிரி டெல்டாவில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. கலேடியம் தழைப்பதும் அதே மாதங்களில்தான்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது, கொல்லைகளின் கூரையே போய்விட்டது. தென்னம்பிள்ளை வளர்ந்து நிழல் தர ஆண்டுகள் ஆகும். வாழை சில மாதங்களில் தந்துவிடும். அதுவரை பச்சை நிழல்வலை போதும்.

டெல்டாக் களிமண் நெல்லுக்குச் சொர்க்கம், இந்தக் கிழங்குக்கு ஆகாது. தண்ணீரைப் பிடித்து வைத்து அழுக வைத்துவிடும். தொட்டிக்கு மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. அதோடு அரைப் பங்கு கருக்கிய உமி. நெல் அரைக்கும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. யூரியா வேண்டாம், தழைச்சத்து மிகுந்தால் இலை பெருக்கும், ஆனால் பச்சை ஏறி நிறம் அமுங்கும். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் பழுப்பாகத் தீயும், ஆகவே மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். இலை அடியில் மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பூங்கதிர் வந்தால் கிள்ளிவிடலாம், கிழங்கின் பலம் அதில் வீணாகும்.

மார்கழியில் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிப் படுக்கும். பெரும்பாலான செடிகள் சாவது அப்போதுதான், அதுவும் அன்பினால். வாடுகிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். உறங்கப் போன கிழங்கு குழகுழவென்று அழுகிவிடும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாக நிறுத்தி, காய்ந்த இலையை அகற்றி, தொட்டியை மழை படாத தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வயல் வெடிக்கும் காலம் முழுவதும் கிழங்கு அப்படியே கிடக்கட்டும்.

சித்திரைச் சூட்டில் அது தானே விழிக்கும். பிரித்து நட அதுதான் தருணம். சேனை நறுக்கும்போது போலக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். சாற்றிலுள்ள ஊசிப் படிகங்கள் அரிக்கும். சேம்பு போலத் தோன்றினாலும் எந்தப் பாகமும் உண்ணத் தக்கதல்ல. குழந்தைக்கும் கன்றுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கிழங்கைத் திருப்பிப் பார்த்தால் மேல்பக்கம் கண்கள் புடைத்திருக்கும். துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தொட்டு, நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். முழுக் கிழங்கில் நடுக்கண்ணை மட்டும் தோண்டி எடுத்தால் சுற்றுக்கண்கள் எல்லாம் முளைத்துச் செடி அடர்த்தியாகும். வேர் கண்களைச் சுற்றி மேல்பக்கத்திலிருந்தே இறங்கும் என்பதால், கண் மேல்நோக்கி, இரண்டு அங்குல மண் மூட நட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில், வழக்கமான ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்புக்கு முன்னரே, ஊதுபத்தி போலச் சுருண்ட முதல் இலை மண்ணைப் பிளந்து வரும்.