தறியா? பள்ளியா? பொறுப்பு யாருக்கு?

ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் அது யாருடைய தப்பு? அரசாங்கத்தைக் கேட்டால் பெற்றோரைக் காட்டும். பெற்றோரைக் கேட்டால் வறுமையைக் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். நடுவில் நிற்கிற குழந்தையை மட்டும் யாரும் கேட்பதில்லை!

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டுப்புடவைக்குப் பேர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்ய வேண்டும். நெய்பவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். பெரிய ஆளை வைத்தால் பெரிய கூலி. அதனால் அந்த இடத்தில் பல காலம் உட்கார்ந்தது சிறுவர்களும் சிறுமிகளும்தான்.

அதிலும் பல குழந்தைகள் சொந்த வீட்டுத் தறியில் உட்காரவில்லை. பெற்றோர் முன்பணம் வாங்குவார்கள், கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ. அதற்கு ஈடாகப் பிள்ளை வேறொருவர் தறிக்குப் போகும். வணிகவியல் படிப்பவர்களுக்குக் கடன் என்றால் அசல், வட்டி, தவணை. இங்கே அசலும் குறையாது, தவணையும் முடியாது, அடமானம் மட்டும் ஒரு குழந்தை! 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1994-ல் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம். 2002-ல் 86-வது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதே திருத்தம்தான் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆக, உரிமை குழந்தைக்கு, கடமை அரசுக்கும் பெற்றோருக்கும். காகிதத்தில் கணக்கு சரியாக இருக்கிறது.

ஆனால் 2016-ல் ஒரு ஜன்னல் திறந்தது. 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று தடை போட்ட அதே திருத்தம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவின் தொழிலைப் பிள்ளை கற்பதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. ஆனால் தறி வீட்டில் இருந்தாலும், பாவும் ஜரிகையும் பல வீடுகளில் முதலாளி கொடுத்தவை. புடவையும் அவருக்கே போகும். குடும்பத்துக்குக் கிடைப்பது கூலி. இதைக் குடும்பத் தொழில் என்பதா, கூலி வேலை என்பதா? சாயங்காலம் ஐந்து மணிக்குத் தறியில் உட்காரும் பிள்ளை வீட்டுப்பாடத்தை எப்போது எழுதும்? எந்த அதிகாரி வந்து மணி பார்ப்பார்?

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்களில் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவும் ஒருவர். 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். பிறகு அவர் ஆட்சியிலேயே மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்தவனுக்குச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை, முதலில் சோறு போடு என்று தமிழ்நாடு புரிந்துகொண்டது பெரிய விஷயம்.

அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. சோறு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசமாகக் கிடைத்த பிறகும் கடனுக்குப் பிள்ளையை அனுப்பினால் அதற்கு வறுமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆனால் வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க அவருக்கு ஒரு வழி வேண்டுமே! கூட்டுறவுச் சங்கத்தில் நேரத்துக்குக் கூலியும், வங்கியில் சின்னக் கடனும் கிடைக்காத வரை முன்பணம் கொடுப்பவர்தான் அந்தக் குடும்பத்துக்குத் தெய்வம்.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்று தன் பிள்ளை தறியில் உட்காரக் கூடாது என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்டும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். ஆசை நல்லதே. ஆனால் ஃபீஸ் கட்டியதோடு பொறுப்பு தீர்ந்ததா? பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறதா என்று கேட்கப் பணம் தேவையில்லை. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள்?

பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பது அரசின் வேலை. பிள்ளையை அனுப்பி, என்ன படித்தாய் என்று கேட்பது பெற்றோரின் வேலை. கோர்வை போலத்தான் இதுவும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்தால்தான் புடவை. ஆனால் இந்தத் தறியில் பெரியவர்கள் மட்டுமே உட்கார வேண்டும்.